கையில் படாத பணமும் மனிதர் மனமும்

பணத்தைக் கையாளும் முறை மாறும்போது, பணத்தைப் பற்றிய மனிதனின் மனப்போக்கும் கூடவே மாறுகிறது. பண்டமாற்றிலிருந்து நாணயத்துக்கும், நாணயத்திலிருந்து காகித நோட்டுக்கும் நம் கிராமங்கள் வந்து சேர்வதற்குப் பல தலைமுறைகள் பிடித்தன. நோட்டிலிருந்து கைப்பேசிக்கு வந்து சேரவோ பத்து ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு, பழைய 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. ரொக்கத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த அந்நாட்களில் பலர் முதன்முறையாக இப்புதிய வழியை நாடினர். 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், நாடெங்கும் இம்முறையில் நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. இன்று சந்தையில் கீரை விற்கும் மூதாட்டியின் கூடையிலும் கட்டம் போட்ட அட்டை ஒன்று செருகியிருப்பதைக் காண்கிறோம்.

இதனால் விளைந்த நன்மைகள் பல. நூறு ரூபாய் அனுப்புவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, வங்கியில் வரிசையில் நின்ற காலம் போயிற்று. சில்லறைத் தகராறு குறைந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குரிய விலை இடையில் எவர் கையும் படாமல் விவசாயியின் கணக்கில் வந்து விழுகிறது. ஆதலால், பழைய முறைக்கே திரும்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் கைப்பேசிக்குள் புகுந்தபோது, அதனுடன் இருந்த ஒரு காவல் சத்தமின்றி விலகிவிட்டது. அந்தக் காவல் எது, அது விலகியதால் மனித மனம் எவ்வாறு இடறுகிறது, அதை மீண்டும் எப்படி ஏற்படுத்திக் கொள்ளலாம் என்பதை இங்கே ஆராய்வோம்.

கொடுக்கும்போது உறுத்தும் மனம்

ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று மடியில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு வெற்றிலை பாக்கு வாங்க வேண்டும். பலர் வாங்காமலே வீடு திரும்புவர். காரணம் கேட்டால், "நோட்டை மாற்றினால் கரைந்துவிடும்" என்பர். இது கஞ்சத்தனமன்று, அனுபவத்தால் வந்த அறிவு. நோட்டை எடுத்து, எண்ணி, பிறர் கையில் வைக்கும்போது மனத்தில் ஓர் உறுத்தல் ஏற்படுகிறது. அந்த உறுத்தலே "இது தேவைதானா?" என்ற கேள்வியை எழுப்புகிறது.

மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் இதனைச் சோதனை மூலம் அளந்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் பிரெலெக், சைமஸ்டர் என்னும் இரு பேராசிரியர்கள், எளிதில் கிடைக்காத ஒரு பந்தயத்தின் நுழைவுச் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டனர். ஒரு சாராரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றும், மற்றவரிடம் கடன் அட்டை மூலம் கொடுக்கலாம் என்றும் கூறினர். அட்டைக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. 2001இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. கடன் அட்டையில் பணம் பின்னால்தான் போகிறது, யு.பி.ஐ.யில் உடனே போய்விடுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், நோட்டு கைவிட்டுப் போவதைக் கண் காணவில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

கைப்பேசியில் 20 ரூபாய் அனுப்புவதற்கும் 20,000 ரூபாய் அனுப்புவதற்கும் விரல் செய்யும் வேலை ஒன்றே. எண்ணிக் கொடுக்கும் நேரமும் ஒன்றே. சிறு தொகைகளுக்குப் பின் எண் கூடத் தேவையில்லாத யு.பி.ஐ. லைட் என்னும் வசதி 2022இல் வந்தது. போதாக்குறைக்கு, பணம் செலுத்தியவுடன் திரையில் ஒரு பரிசுச் சீட்டைக் காட்டிச் சுரண்டச் சொல்லும் செயலிகளும் உண்டு. செலவு செய்ததற்கு வருந்த வேண்டிய மனம் பரிசை எதிர்பார்த்துக் குதூகலிக்கிறது! திருவிழாக் கடையில் வளையம் எறியும் ஆட்டத்தில் நம்மை இழுத்து வைப்பது எதுவோ, அதே ஆசையைத்தான் இதுவும் தூண்டுகிறது.

பானைகளும் முடிச்சுகளும்

நம் வீட்டுப் பெண்மணிகள் பணத்தை ஒரே இடத்தில் வைத்ததில்லை. அரிசிப் பானைக்குள் ஒரு தொகை, அஞ்சறைப் பெட்டியில் ஒரு தொகை, முந்தானை முடிச்சில் ஒரு தொகை, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் முடிந்த தொகை எனத் தனித்தனியே வைத்தனர். குலதெய்வ முடிச்சை அவிழ்த்துக் காப்பிப் பொடி வாங்குவது எவருக்கும் தோன்றாத காரியம். ரூபாய் ரூபாய்தான், ஆனால் மனத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர் இருந்தது. மனக் கணக்கு எனப்படும் இப்பழக்கத்தை விரிவாக ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலருக்கு, அவரது இத்தகைய பணிகளுக்காக 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் பரிசு எதுவும் பெறாமல் இதைப் பழகி வந்தனர்.

இன்றோ நெல் விற்ற பணம், பால் பணம், ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் கிசான் உதவித் தொகை, மகன் வெளியூரிலிருந்து அனுப்பிய பணம் யாவும் ஒரே கணக்கில் விழுந்து ஒரே எண்ணாகத் தெரிகின்றன. விதைக்கு வைத்த பணத்துக்கும் வீண் செலவுக்கான பணத்துக்கும் இடையே இருந்த வரப்பு அழிந்து போயிற்று. நாற்று விடும் காலத்தில் கணக்கைத் திறந்து பார்த்தால், "எங்கே போயிற்று?" என்று திகைக்கிறோம். எங்கும் போகவில்லை, ஐம்பதும் நூறுமாகக் கசிந்துவிட்டது.

வரப்பை மீண்டும் கட்டுவது கடினமன்று. விளைச்சல் பணத்துக்கு ஒரு கணக்கு, அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு என இரண்டு வைத்துக்கொண்டு, அன்றாடக் கணக்கை மட்டும் கைப்பேசிச் செயலியுடன் இணைக்கலாம். விளைச்சல் பணம் உள்ள கணக்கில் பணம் எடுக்க வங்கிக்கு நடந்துதான் போக வேண்டும். அந்த நடைதான் காவல். பிலிப்பைன்ஸ் நாட்டில் மிண்டனாவோ தீவிலுள்ள ஒரு கிராமிய வங்கி, வாடிக்கையாளர் தாமே குறித்த நாள் வரையிலோ, குறித்த தொகை சேரும் வரையிலோ பணத்தை எடுக்க இயலாத ஒரு சேமிப்புக் கணக்கை அறிமுகப்படுத்திப் பார்த்தது. இதற்கு அதிக வட்டி கிடையாது. ஆயினும் இக்கணக்கைப் பெறும் வாய்ப்பு அளிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 28 பேர் அதை ஏற்றனர். ஓராண்டில், வாய்ப்பு அளிக்கப்பட்டோர் சேமிப்பு மற்றவர்களினும் வெகுவாகப் பெருகியது. தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள மனிதர் விரும்புவதும் உண்டு என்பதை இது காட்டுகிறது. நமக்கு அஞ்சலகத் தொடர் வைப்பும், விதைப்புக் காலத்தில் முதிரும்படி நாள் பார்த்துப் போடும் வைப்புத் தொகையும் இதே பயனைத் தரும்.

அறுவடைக்கு முன்னும் பின்னும்

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன் ஒரு முறையும் அறுவடைக்குப் பின் ஒரு முறையும் அறிவுத்திறன் சோதனைகள் நடத்தப்பட்டன. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர் இதன் முடிவுகளை 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை ஆலையிலிருந்து வருவதால், அதற்கு முந்திய மாதங்கள் முடையான மாதங்கள். அம்மாதங்களில் நகையோ பொருளோ அடகு வைத்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். அறுவடைக்குப் பின் அது 4 பேர். அதே மனிதர், அதே மூளை. ஆனால் முடை நிறைந்த நாட்களில் அவர்களுடைய சிந்தனைத் திறன் குறைவாகவும் பணம் வந்த பின் கூடுதலாகவும் காணப்பட்டது. கணக்கிட்ட முறை பற்றி அறிஞரிடையே விவாதங்கள் எழுந்ததுண்டு. ஆயினும், கடன்காரன் வாசலில் நிற்கும்போது நிதானமாக யோசிக்க முடியாது என்பதை அனுபவித்தவர் எவரும் மறுக்கமாட்டார். ஏழை அறிவில் குறைந்தவன் என்று பேசுவோருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டியதில்லை. குறைவு அறிவில் இல்லை. மனத்தை நிரப்பிக் கொண்டிருக்கும் கவலையில் இருக்கிறது.

இதிலிருந்து இரு விஷயங்கள் தெளிகின்றன. பெரிய முடிவுகளைக் கையில் பணம் வந்த நாட்களிலேயே செய்து முடிக்க வேண்டும் என்பது ஒன்று. மேற்குக் கென்யாவில் விவசாயிகளிடம் அறுவடை முடிந்த கையோடு, "உரத்துக்கு இப்போதே பணம் கட்டினால் வீட்டில் கொண்டுவந்து தருகிறோம்" என்று கூறிப் பார்த்தனர். உரம் உபயோகிப்போர் தொகை உயர்ந்தது. பின்னர் மேலுரம் இடும் பருவத்தில் பாதி விலை தள்ளிக் கொடுத்தபோது கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவே. பாதி விலைக் குறைப்பு செய்ததை, சரியான நாளில் கேட்ட கேள்வியே செய்துவிட்டது! நெல் பணம் கணக்கில் விழுந்த வாரத்திலேயே அடுத்த போகத்துக்கு வேண்டிய விதைக்கும் உரத்துக்கும் உரிய தொகையைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ, தனி வைப்பிலோ ஒதுக்கிவிடுவது அறிவுடைமை.

மற்றது, முடையான நாட்களில் வரும் எளிய கடனைச் சந்தேகிக்க வேண்டும் என்பது. இரண்டு நிமிடத்தில் கடன் தரும் கைப்பேசிச் செயலிகள் பெருகியுள்ளன. அவற்றில் முறையானவையும் உண்டு, முறையற்றவையும் உண்டு. கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 5,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு 3,500 ரூபாய் அனுப்புகின்றனர். ஏழாம் நாள் 5,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,500 ரூபாய் வட்டி; அதாவது வாரத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 43 ரூபாய். கந்து வட்டிக்காரரும் இவர்கள்முன் தர்மவான்! வட்டிக்காரர் எதிரில் நின்று கேட்டால் இவ்விகிதத்துக்கு எவரும் இசையமாட்டார். திரையில் "கட்டணம்" என்ற பெயரில் சிறு எழுத்தில் வரும்போது மனம் அதை வட்டியாக எண்ணுவதில்லை. கட்டத் தவறினால் கைப்பேசியில் உள்ள உறவினர் எண்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பி மானத்தை வாங்கிய செயலிகளால் நாட்டில் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

இக்கொடுமைகளின் பின்னரே ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கைப்பேசிக் கடனுக்கு விதிகளை வகுத்தது. கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் சேர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதம் இவ்வளவு என்று முக்கிய விவரப் படிவத்தில் காட்ட வேண்டும். கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. வாங்கிய கடன் வேண்டாமென்று தோன்றினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள், அசலையும் அந்நாட்களுக்குரிய வட்டியையும் மட்டும் கட்டி, அபராதமின்றி விலகிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. இந்த அவகாசம் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. அவசரத்தில் முடிவெடுத்த மனத்துக்கு, ஆறி அமர்ந்து யோசிக்க ஒரு நாளேனும் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 ஜூலை முதல், முறையான நிறுவனங்களின் கடன் செயலிகளின் பட்டியலும் ரிசர்வ் வங்கியின் வலைத்தளத்தில் வெளியிடப்பட்டது. கடன் வாங்கப் புறப்படுமுன் படித்த இளைஞர் ஒருவரைக் கொண்டு அதைப் பார்க்கச் சொல்வது நலம்.

அவசரமும் அச்சமும்

மோசக்காரர்கள் பூட்டை உடைப்பதைவிட மனத்தை உடைப்பதையே எளிதாகக் காண்கின்றனர். அவர்கள் கையாளும் கருவிகள் மூன்றே: ஆசை, அச்சம், அவசரம். இவற்றில் அவசரமே தலையாயது. "இன்று மாலைக்குள் செய்யாவிட்டால் கிசான் பணம் நின்றுவிடும்" என்று ஒரு செய்தியும், உடன் ஒரு செயலிக் கோப்பும் வரும். அதைத் தொட்டால் கைப்பேசியே அயலான் வசம் போய்விடும். "உங்கள் பெயரில் போதைப் பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்களைக் கைப்பேசியிலேயே கைது செய்திருக்கிறோம்" என்று போலீஸ் உடையணிந்த ஒருவன் திரையில் மிரட்டுவான். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் பிரதமர் இதைப் பற்றி எச்சரித்தபோது கூறிய வழி, "நில், யோசி, செயல்படு" என்பதே. முதற்சொல் "நில்" என்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பணம் அனுப்புவதாகச் சொல்லி ஏமாற்றும் வகை ஒன்றுண்டு. மாடு வாங்குவதாகவோ, பழைய டிராக்டர் வாங்குவதாகவோ ஒருவன் பேசுவான். "முன்பணம் அனுப்புகிறேன், இந்த அட்டையை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பான். போட்டவுடன் பணம் வராது, போய்விடும். படித்தவர்கள் கூட இதில் விழுவது ஏன் என்று பலர் வியக்கின்றனர். நமக்கு அதில் வியப்பில்லை. நம் வாழ்நாள் முழுதும், பெறுவதற்கே கையெழுத்திட்டு வந்திருக்கிறோம். கூலி வாங்கக் கைநாட்டு, முதியோர் உதவித் தொகைக்குக் கைநாட்டு, ரேஷன் கடையில் கைரேகை, ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவும் பின் எண். ஆகவே, "பணம் வர வேண்டுமானால் எண்ணைப் போடு" என்று ஒருவன் சொல்லும்போது, ஊறிப்போன பழக்கம் அதை நியாயமென்றே ஏற்கிறது. கைப்பேசிப் பரிமாற்றத்தில் முறை நேர்மாறானது. கொடுப்பதற்குத்தான் பின் எண் வேண்டும். பெறுவதற்கு எதுவும் வேண்டியதில்லை. "எண் போட்டால் பணம் போகும்" என்ற நான்கு சொற்களைக் கிராமத்தில் ஒவ்வொருவர் நாவிலும் ஏற்றிவிட்டால் பாதி மோசடி ஒழியும். தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் முதல் கொடுப்பனவுக் கழகம் நிறுத்தியதும், அதன் வழியே இத்தகைய ஏமாற்று நடந்ததால்தான்.

கடைக்காரர்களிடம் மோசம் வேறு விதமாக வரும். பணம் அனுப்பியதுபோல் பொய்ப் படத்தைக் காட்டிச் சரக்குடன் போய்விடுவர். தராசைப் பிடித்திருக்கும் கை கைப்பேசியை எடுத்துப் பார்க்க இயலாது. தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி இக்குறையைத் தீர்த்தது. நாணயத்தின் ஓசையைக் கேட்டு நம்பிய செவிக்கு மீண்டும் ஓர் ஓசை கிடைத்தது.

வெட்கம் செய்யும் கேடு

பணம் போனபின் நேரும் இரண்டாவது நஷ்டம் வெட்கத்தால் வருவது. "ஊரார் சிரிப்பார்கள், வீட்டில் திட்டுவார்கள்" என்று எண்ணி, இழந்தவர் இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. திருடிய பணமோ ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் மணிக்கணக்கில் தாவுகிறது. அது எங்கேனும் ஒரு கணக்கில் நிற்கும்போதே வங்கி அதை முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. இதற்கெனவே 1930 என்னும் தொலைபேசி எண் நாடு முழுதுக்கும் ஏற்பட்டுள்ளது. வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளிலேயே கூறப்பட்டது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வெளியார் சூழ்ச்சியால் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டப் பொறுப்பே இல்லை என்றும் அவ்விதிகள் கூறின. இரு நாள் வெட்கத்துக்கு விலை எவ்வளவு என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கேதான் பஞ்சாயத்து உறுப்பினர்களின் உதவி தேவைப்படுகிறது. ஏமாந்தவரை நகையாடுபவர் தம்மையறியாமல் மோசக்காரனுக்குத் துணை புரிகிறார். ஏனெனில் அடுத்து ஏமாறுபவர் அந்த நகைப்புக்கு அஞ்சியே மறைத்துவிடுவார். ஏமாந்த ஒருவர் தாமாக முன்வந்து கிராம சபையில் நடந்ததைச் சொல்வாரானால், அவருக்குச் சபை மரியாதையுடன் செவி சாய்க்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கலாம். அறுவடைக்கு முந்திய மாதங்களில் இப்பேச்சு நடப்பது மேலும் பயன் தரும். காரணத்தை மேலே கண்டோம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டங்களில், பெரிய தொகை எதையும் அனுப்புமுன் குழுவில் ஒருவரிடமேனும் வாய்விட்டுச் சொல்வது என்று வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம். மோசக்காரன் "யாரிடமும் சொல்லாதே" என்று வற்புறுத்துவதே, பிறரிடம் சொன்னால் தன் வலை அறுந்துவிடும் என்பதால்தான்.

பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், ரேஷன் கடை, பால் சங்கம், பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களிலும் 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது செலவில்லாத காரியம். அந்த எண்ணை அழைப்பவரிடம் சில விவரங்கள் கேட்கப்படும்: வங்கியின் பெயர், பணம் போன நாளும் நேரமும், தொகை, யாருக்குச் சென்றது என்று திரையில் தெரிந்த விவரம், பரிமாற்றத்துக்கு உரிய 12 இலக்கக் குறிப்பு எண். இந்தப் பன்னிரண்டு இலக்கம் செயலியின் பழைய வரலாற்றிலும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியிலும் இருக்கும். கோபத்திலோ பயத்திலோ அச்செய்திகளை அழித்துவிடாமல், அவற்றை வைத்துக்கொண்டே அழைக்க வேண்டும்.